போல்ட்டுக்குக் குறி போடும் பேனா

எண்பது மீட்டர் உயரத்தில்
சிக்னல் மட்டும் சீராகக் கிடைக்கும்.
பணகுடியில் என் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்
இங்கே ஒரு மூச்சுக்குள் திறந்துவிடும்.

கியர்பாக்ஸ் எண்ணெய் ஆறும்வரை
இருபது நிமிடம் வேலை இல்லை.
ஒரு பக்கம் மகேந்திரகிரி,
மறுபக்கம் வெள்ளைக் கோடாகக் கடல்.
நான் பார்த்ததோ
கையகலக் கண்ணாடிக்குள்
எழுபது சதவீதத் தள்ளுபடி.

அப்படி வாங்கியவை:
நடையை எண்ணும் வாட்ச்
(ஏணிப்படியை அது நடையில் சேர்க்கவில்லை),
மூன்றாவது ஷூ,
மழையில் நனைந்தாலும் பாடும் ஸ்பீக்கர்.
ராதாபுரம் தாலுகாவில், மழையில்!

பார்சல் கொண்டுவரும் அந்தோணி ரீகன்
விலாசம் கேட்பதை விட்டுவிட்டான்.
"அண்ணே, எந்தக் காத்தாடி?" என்பான்.
நம்பர் சொன்னால்
சட்டை படபடக்க அடியில் வந்து நிற்பான்.

வைகாசி பிறந்தால் ஓவர்டைம்.
ஆனி, ஆடி, ஆவணி
இறக்கைக்கும் ஓய்வில்லை, எங்களுக்கும் இல்லை.
மேற்கே கணவாயில் நுழைந்த காற்று
கிழக்கே கடலுக்குப் போவதுபோல
அந்தக் காசு என் கணக்கு வழியே போகும்.
மார்கழியில் சுடலைமணியிடம் கைமாத்து கேட்பேன்.
அவனுக்கும் அதே சம்பளம், அதே ஓவர்டைம்.
நாலு வருஷம் கொடுத்தான்.
ஐந்தாம் வருஷமும் கொடுத்தான்.
எண்ணிக் கையில் வைத்துவிட்டு
"ஏல, ஒன் வீட்ல ஸ்பீக்கர் எத்தன கெடக்கு?"
என்று மட்டும் கேட்டான்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.
இரவு எண்ணிப் பார்த்தேன்.
மூன்று.
ஒன்று இன்னும் சார்ஜரைக் கண்டதில்லை.

மறுநாள் போனைக்
கீழே கண்ட்ரோல் பெட்டியில் வைத்துவிட்டு ஏறினேன்.
வேலைப் பேச்சுக்கு வாக்கி இருக்கிறது.
ஒரு வாரம் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது,
பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல.
போன் இல்லாமலும் ஆசை
ஏணி ஏறி வந்துவிடுகிறது.
வந்ததை என்ன செய்ய?
முறுக்கிய போல்ட்டுக்குக் குறி போட
மஞ்சள் பேனா ஒன்று உண்டு.
மேல்மூடியின் உட்புறத் தகட்டில்
விலையை மட்டும் எழுதினேன்.
2,499.
அடுத்த காத்தாடியில் 899.
பழவூர்ப் பதினேழில் 1,250, அதற்குக் கீழே 360.

தபாலாபீசில் ஒரு ஆர்.டி. தொடங்கினேன்,
சண்முகக்கனி பெயரில்.
என் கையெழுத்தை நானே நம்பவில்லை.
அவள் என்னை நம்பவில்லை.
இரண்டாம் மாதமும் நம்பவில்லை.
மூன்றாம் மாதம் பாஸ்புக்கை வாங்கி
கியாஸ் புத்தகத்தோடு சேர்த்து வைத்தாள்.
அவளிடம் அது பெரிய மரியாதை.

ஆறு மாதம் கழித்துப் பராமரிப்புக்கு ஏறினேன்.
மூடியைத் தூக்கினால் என் எழுத்து.
2,499. எதற்கு?
அடுத்ததில் 899.
ஹெல்மெட்டைக் கழற்றித் தலை சொறிந்தும்
ஒன்றும் வரவில்லை.
மஞ்சள்கூட மங்காமல் விலை இருக்கிறது;
தூக்கம் கெடுத்த பொருளைத்தான் காணோம்.
முன்பின் தெரியாத எவனோ
வைத்துவிட்டுப் போன பாக்கிபோல.

பழவூர்ப் பதினேழில்
1,250 யாரென்று கேட்டது.
360-ஐ உடனே தெரிந்துவிட்டது.
முழங்கால் பட்டை.
இருநூற்று எண்பது படியிலும்
இடது முட்டி அதைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.
ஸ்பீக்கரையும் முட்டியையும்
ஒரே பேனாவால் எழுதியிருக்கிறேன், சவம்.

வள்ளியூர் மெடிக்கலில்
நானூற்றுப் பத்து ஆகியிருந்தது.
பேசாமல் கொடுத்தேன்.

திரும்பும் வழியில்
எதிர்க்காற்றில் பைக்கைச் சாய்த்து ஓட்டி வந்தான்
அந்தோணி ரீகன்.
"என்னண்ணே, கோவமா? ஆர்டரே இல்லியே."
முட்டியைத் தட்டிக் காட்டினேன்.
அவனுக்குப் புரியவில்லை.
முதுகில் யாருடைய பெட்டிகளோ ஆட,
ஆனிக் காற்று அவனைத் தள்ளிக்கொண்டு போனது.